மாப்பிள்ளைக்கு மட்டும் வணக்கம்

எங்கள் கட்டடத்துக் காவலாளியை எல்லோரும் மோப்பம் என்றுதான் சொல்வோம். காலையில் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார். அடேயப்பா, என்ன மரியாதை என்று புதிதாக வருகிறவர்கள் பூரித்துப்போவார்கள். அவர்கள் முதுகு திரும்பியதும் அந்தக் கையால் மீசையைத் தடவுவார். எதற்கு? சிகரெட் வாடை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான்.

லிஃப்ட் ஓட்டும் எனக்கு மட்டும் தினம் இரண்டு தடவை. நான் பிடிக்கிறவன்தான், ஒளிக்கவில்லை. மொட்டை மாடிக்குப் போய்ப் பிடிப்பேன். ஒருநாள் எகிறிவிட்டேன். "என் நெஞ்சு, நான் ஊதறேன். உமக்கென்னய்யா வந்தது?"

"உன் நெஞ்சு எக்கேடு கெட்டா எனக்கென்ன? என் பொண்ணு நெஞ்சுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

மகள் இரண்டாம் மாடி அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். சின்ன வயதிலிருந்தே இழுப்பு. இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி வேறு. மூன்று மாதமாக, வேலை முடிகிற ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் படிக்கட்டிலிருந்து புகை ஏறிவரும். கதவைச் சாத்தினாலும் இடுக்கில் வரும். போன வாரம் மூச்சு முட்டி மேசையிலேயே சாய்ந்துவிட்டாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாவம், அந்த மனிதர் தூக்கமே இல்லாமல் அலைந்தார்.

படிக்கட்டில் 'புகை பிடிக்கக் கூடாது' என்று ஆள் உயரப் பலகை. துண்டுகள் கிடப்பதும் அதன் கீழேதான். அபராதம் போட வேண்டிய அதிகாரியோ, "நாளைக்கு வரேன்" என்று முன்கூட்டியே போன் போட்டுவிட்டு வருவார். அன்றைக்கு மட்டும் படி பளபளவென்று இருக்கும். டீ குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அந்த ஆள் மேலேயே எனக்குச் சந்தேகம் உண்டு.

மோப்பத்துக்கு எல்லோர் மேலும் சந்தேகம். தபால்காரர், தையல் மாஸ்டர், பல் டாக்டரைக்கூட விடவில்லை. புகை வருகிற அந்த நேரத்தில் சரக்கு வண்டிகள் வருவதால் கேட்டை விட்டு அவரால் நகர முடியாது. சாயங்காலம் மகளை அழைத்துப்போக மாப்பிள்ளை வருவார். அவருக்குக் கை கொடுப்பதில்லை. எழுந்து நின்று, இரண்டடி தள்ளி ஒரு வணக்கம். மாப்பிள்ளையைப் போய்ச் சோதிப்பதா? "என் மாப்பிள்ளைக்கு லிஃப்டே வேணாம். படியிலதான் ஏறுவாரு" என்று என்னிடம் பெருமை வேறு.

நேற்றுச் சாயங்காலம் கரன்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டது. இந்த நிலைமையில் மகள் படி இறங்குவாளே என்று மோப்பம் பதறி, கேட்டைப் பூட்டிவிட்டு மேலே ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். இரண்டாம் மாடிக்குப் போகும் திருப்பத்தில், பலகைக்குக் கீழே மாப்பிள்ளை. விரலிடுக்கில் பாதி சிகரெட்.

மோப்பத்தின் கைகள் பழக்கத்தில் வணக்கம் சொல்ல எழுந்தன. பாதியிலேயே நின்றுவிட்டன.

"வீட்ல தொடறதே இல்ல மாமா" என்று மாப்பிள்ளை திணறினார். "அவளுக்கு ஆகாதேன்னுதான் இங்கயே முடிச்சிட்டு..."

மேலே மகள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். எப்போதும் லிஃப்டில் இறங்குகிறவள். "வீட்ல வேணாம்னு நான்தான்பா சொன்னேன்" என்றாள். "மூணு மாசமா என் மூச்ச அடைச்சது இவரோட புகையா?"

என் சட்டைப்பையில் இருந்த சிகரெட் பெட்டியை, எதற்கென்று தெரியாமல், கையால் மறைத்துக்கொண்டேன். அவள் இருமி முடித்து, மருந்தை உறிஞ்சிவிட்டு, கணவரைத் தாண்டி இறங்கி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த அதிகாரிக்கு போன் போடுங்கப்பா. இந்தத் தடவ சொல்லாம வரச் சொல்லுங்க."