கத்திச் சொல்ல முடியாதது

ரேடியோ அண்ணன் என்று பெயர் வைத்தது எங்கள் பட்டறைதான். டப்பா மூடிகளை அடித்துத் தள்ளும் பிரஸ் மெஷின்கள் பதினாறு, எல்லாம் ஒரே தகரக் கூரையின் கீழ். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். அந்த இரைச்சலிலும் அண்ணன் வாய் ஓயாது. மேஸ்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் நடையை அப்படியே நடந்து காட்டுவார். எட்டு மணி நேரம் நின்றே செய்கிற வேலை. அவர் லீவு போட்ட நாளில் எங்கள் எல்லோருக்கும் கால் வலி இரண்டு மடங்காகத் தெரியும்.

காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அண்ணன் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

"இதை மாட்டிக்கிட்டா நீங்க பேசுறது எப்படிடா கேக்கும்? மெஷினோட குடும்பம் நடத்தவா வந்தோம்?" என்பார்.

அவர் மாட்டவில்லை என்று நாங்களும் மாட்டவில்லை.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவருக்குக் காது மந்தமானது. முதலில் போனது கீச்சென்ற மெல்லிய சத்தங்கள். கொதிக்கிற கெட்டிலின் விசில், கைக்கடிகாரத்தின் அலாரம், மகளின் குரல், பிறகு அண்ணியின் குரல். என் குரல் கட்டைக் குரல், அது கேட்டது. அதனால் அண்ணிக்கு அது நோயாகத் தெரியவில்லை, வீம்பாகத் தெரிந்தது.

"பக்கத்து வீட்டுத் தம்பி பேசினா கேக்குது. நான் பேசினா மட்டும் காது அடைச்சுக்குது" என்று என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

எங்கள் வீடுகள் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்துப் பூனை எழுந்து உட்காரும். நான் அவர்கள் கதையைச் சொல்ல முடிகிறது என்றால் அந்தச் சுவரால்தான்.

ஒருமுறை எங்களோடு வேலை செய்த பெயிண்டரின் அம்மா இறந்துபோனாள். நாங்கள் துக்கத்துக்குப் போயிருந்தோம். பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டு, அம்மா கடைசி இரண்டு நாளும் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்ததைச் சொன்னான். அவனும் எப்போதும் வேடிக்கையாகப் பேசுகிறவன். அண்ணன் அவன் உதட்டைப் பார்த்துவிட்டு, ஏதோ வழக்கமான பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டார். வாய்விட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார். எங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

அதோடு டீ நேரத்து பெஞ்சுக்கு அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். டம்ளரை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே நின்று குடித்தார். "ரேடியோ பேசும்டா, கேக்காது" என்று ஒருவன் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கொஞ்ச நாளில் அந்த ரேடியோ பேசுவதையும் விட்டுவிட்டது. காதுக்குள் வண்டு ரீங்கரிப்பதுபோல் ஓயாத சத்தம், தூக்கம் பிடிக்கவில்லை என்றார். ரத்த அழுத்தம் ஏறியது. இரண்டு மாத்திரை நான்கானது. ஐம்பது வயதுக்காரர் அறுபதுபோல் ஆனார்.

மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். வரும்போதெல்லாம் காது மெஷின் வாங்கிக்கொள்ளச் சொல்லி மல்லுக்கட்டுவாள். அதை மாட்டிக்கொண்டு பட்டறைக்குள் போனால் அன்றைக்கே வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்கள் என்பது அண்ணனின் பயம். வேலை போனால் வீடும் போகும். "பேப்பர்ல எழுதியாவது காட்டறோம்பா" என்றாள் ஒரு தடவை. "இந்த வயசுல என்னைப் பள்ளிக்கூடத்துல சேக்கறியா?" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

வருடா வருடம் கம்பெனியில் காது சோதனை உண்டு. தலையில் ஹெட்போனை மாட்டி, நர்ஸுக்கு முதுகைக் காட்டி, கண்ணாடி ஜன்னலைப் பார்த்து உட்கார வைப்பார்கள். நர்ஸ் பொத்தானை அழுத்துவாள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். அவள் விரல் அசையும்போது நான் மூக்கைச் சொறிவேன். அண்ணன் கையைத் தூக்குவார். மூன்று வருடம் இப்படிச் செய்தோம். உபகாரம் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. எதையும் மூன்று தடவை கத்த வேண்டும். கத்தினால் வரிசை முழுக்கக் கேட்கும். அதனால் கத்தக்கூடியதை மட்டுமே அண்ணி சொன்னாள். "சாப்பாடு." "கதவு." "மாத்திரை." பக்கத்து வீட்டில் யாரோ நாய் வளர்க்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கலாம். அப்படித்தான் இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் நான் ஷூ லேஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அண்ணியின் குரல் வழக்கத்தைவிடத் தணிவாகக் கேட்டது.

"ஏங்க, எனக்கு ஒரு கட்டி மாதிரி இருக்குங்க."

"என்ன?"

"கட்டிங்க. உடம்புல."

"கட்டிலா? கட்டிலுக்கு என்ன?"

தட்டை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு பழைய உரத்த குரலில், "ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க" என்றாள்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மார்பில் என்று அண்ணி சொல்லியிருந்தாள். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருந்தாள். "அவரைக் கூட்டிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நானும் படிச்சுப் படிச்சு சொல்லிட்டேன். 'இதையெல்லாம் கத்தி எப்படிம்மா சொல்றது, நாலு வீட்டு ஆம்பளைங்களும் கேக்க'ன்னு அழறாங்க" என்றாள் என் மனைவி. நாளைக்கு அண்ணனைத் தனியாகப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்தவன் மனைவியின் உடம்பைப் பற்றி நான் எப்படிப் பேச்செடுப்பது? நாளை நாளை என்று போனது. அவர்களே பேசி முடித்திருப்பார்கள் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

ஏழு மாதம் கழித்து, குழாயடியில் அண்ணி மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நோய் நுரையீரல்வரை போயிருந்தது. டாக்டர் சொன்னதை மகள் ஒரு நோட்டில் எழுதி அண்ணனிடம் காட்டினாள். எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்து, மறுபடியும் முதல் வரிக்குப் போனார்.

பதினெட்டு நாள் இருந்தாள். கடைசியில் குரல் காற்றாகிவிட்டது. ஒரு மத்தியானம் உதடு அசைந்தது. அண்ணன் குனிந்து அவள் வாயோடு காதை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற என் மனைவியைக் கேட்டார்.

"என்னம்மா சொல்றா?"

"சாப்டீங்களான்னு கேக்கறாங்கண்ணே" என்று அவர் காதுக்குள் சத்தமாகச் சொன்னாள் அவள்.

அண்ணி சொன்னது அதுவல்ல. "வலி தாங்கல, இவர்கிட்ட சொல்லாதே" என்றுதான் சொன்னாளாம். வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்துதான் என் மனைவி என்னிடம் சொன்னாள்.

காரியங்கள் முடிந்த மறுவாரம் அண்ணன் தானாகவே மேஸ்திரியிடம் போய், "எனக்குக் காது கேக்கலை சார், ரொம்ப வருஷமா" என்றார். சோதனையில் எப்படித் தேறினார் என்று கேட்டதற்கு, குத்துமதிப்பாகக் கையைத் தூக்கினேன் என்றார். என் பேரை எடுக்கவில்லை. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வீட்டைக் காலி செய்ய மூன்று மாதம் கொடுத்தார்கள். மகள் காது மெஷின் வாங்கி மாட்டிவிட்டாள்.

மாட்டிய நான்காம் நாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீங்க ரெண்டு பேரும் பால் வாங்கறதைப் பத்திப் பேசுனீங்க. எனக்கு அங்க கேட்டுது."

"ஆமாண்ணே. பலகைதானே."

"எப்பவுமே கேக்குமா?"

"கேக்கும்."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் செருப்பைப் பார்த்தேன். "அப்போ அவ எங்கிட்ட சொல்ல வந்தது எதாவது உனக்குக் கேட்டுதா?" என்றார் அண்ணன்.

பொய் சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். 'கட்டிலா' என்று அவர் கேட்டதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "கட்டில்னுதாம்பா எனக்குக் கேட்டுது. மறுநாள் கட்டில் காலுக்கு ஆணிகூட அடிச்சேன்" என்றார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிறேன். காலையில் எழுந்ததும் மெஷினை மாட்டிக்கொள்கிறாராம், ஆனால் யாரோடும் பேசுவதில்லையாம். போன மாதம் படியில் தடுமாறி விழுந்து, இடது கையில் கட்டுப் போட்டிருந்தார். மாத்திரை ஆறாகியிருக்கிறது. மகள் சமையலறையிலிருந்து, "அப்பா, வலிக்குதா?" என்று சாதாரணக் குரலில்தான் கேட்டாள். அவருக்கு நன்றாகக் கேட்டது. சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார். திரும்பியவர், "ஒண்ணுமில்லம்மா" என்றார்.