சின்னம்மாவின் சவாரி

மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று வந்த என் பெரியப்பாவுக்கு, யாழ்ப்பாணப் பட்டணத்துப் பிள்ளைகளின் முதுகைப் பற்றி ஓயாத கவலை. "புத்தகம் சுமந்து எல்லாம் கூனிப் போச்சுதுகள். குதிரையில ஏத்தினால் முதுகு நிமிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் நெடுந்தீவிலிருந்து ஒரு மட்டக்குதிரையை வள்ளத்தில் கொண்டுவந்து இறக்கியே விட்டார்.

முற்றவெளியில் மாலைதோறும் சவாரி வகுப்பு நடந்தது. சேர்ந்த பிள்ளைகள் ஒருவர் மிச்சமில்லாமல் விழுந்தோம். பூவரசங் குழையைக் கண்ட இடத்தில் குதிரை நின்றுவிடும், நாங்கள் நிற்கமாட்டோம்.

பெண்பிள்ளையைத் தனியே விடக்கூடாதென்று அம்மா தன் தங்கையை எனக்குக் காவலாக அனுப்பினார். சின்னம்மா குடைபிடித்து ஓரமாக நிற்பார். வகுப்பு முடிந்ததும் குதிரைக்குக் குழை ஊட்டி, அதன் காதுக்குள் ஏதோ கதைப்பார்.

அப்போதுதான் சின்னம்மாவுக்கு நெல்லியடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு இரண்டாந்தாரம், அவருடைய மூத்த மகள் சின்னம்மாவைவிட உயரம் என்று கேள்வி. அம்மாவின் கண்ணுக்கு அவருடைய அரசாங்க உத்தியோகம் மட்டுமே தெரிந்தது. சின்னம்மாவை ஒருவரும் கேட்கவில்லை.

பெண் பார்க்க வரும் நாளன்று, பிள்ளையின் வகுப்பு தவறக்கூடாது என்று சொல்லி, பட்டுச்சேலையோடேயே சின்னம்மா என்னை முற்றவெளிக்குக் கூட்டிப்போனார்.

"அத்தான், நானும் ஒருக்கா ஏறிப் பாக்கட்டே?" என்று பெரியப்பாவிடம் கேட்டார்.

"விழுந்தால் உன்ரை அக்கா என்னைக் கொன்றுபோடுவா, பிள்ளை."

"விழமாட்டன்."

சேலையை வரிந்து செருகிக்கொண்டு ஏறினார். எங்களை உதறித் தள்ளிய குதிரை, அவர் சொன்ன பக்கமெல்லாம் திரும்பியது. நேரே எங்கள் வீட்டுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் நுழைந்தது. அதேநேரம் மாப்பிள்ளை வீட்டாரின் வாடகைக் காரும் பின்னால் வந்து நுழைந்தது. ஒழுங்கையில் விலக இடமில்லை. ஒவ்வொரு பூவரசடியிலும் சின்னம்மா நிதானமாகக் குதிரையை மேயவிட்டார். முன்னே குதிரை, அதன் பின்னே கார், காருக்குப் பின்னே வேட்டியைப் பிடித்தபடி பெரியப்பா, கடைசியில் நான். வீட்டு வாசல் படலையில் நின்ற அம்மா இந்த ஊர்வலத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

சின்னம்மா இறங்கி, கைகூப்பி, "உள்ளுக்கு வாங்கோ" என்றார்.

மாப்பிள்ளையின் தமையனார் காரைவிட்டு இறங்கவேயில்லை. "எங்கடை வளவிலை குதிரை கட்ட இடமில்லைப் பிள்ளை" என்றார். கார் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியேறியது.

அடுத்த வள்ளத்திலேயே குதிரையை நெடுந்தீவுக்கு அனுப்பவேண்டும் என்று அம்மா பெரியப்பாவை ஏசினார், அழுதார். நான் அறைக்குள் போனேன். சின்னம்மா தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தார். தோள்கள் குலுங்கின. எனக்கும் அழுகை வந்தது. விருந்தாளிகளுக்கென்று சுட்ட பயற்றம் பணியாரத்தை ஒரு தட்டில் கொண்டுவந்து, "அழாதேங்கோ சின்னம்மா, வேற மாப்பிள்ளை வருவார்" என்று முதுகைத் தடவினேன். அவர் இன்னும் அதிகமாகக் குலுங்கினார்.

அவ்வளவு பெரிய துக்கத்திலும் அவர் தட்டைக் காலியாக்கி, இன்னும் இருக்கிறதா என்று கேட்டதுதான் எனக்கு விளங்கவில்லை.