மிருதங்கத்துக்கு ஒரு பெட்டி, ரம்பத்துக்கு ஒரு பூஜை

போன சனிக்கிழமை காலை. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே 'வ்ர்ர்ரூம்' என்று ஒரு சத்தம். அடுத்த விநாடி பக்கத்து வீட்டு மேரி அக்காவின் அலறல்.

"ஐயோ ஆண்டவரே! சாந்தி, ஓடியா! அண்ணனுக்குக் கை போச்சு!"

கரண்டியோடு ஓடினேன். கார் நிறுத்தும் இடத்தில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை பனியன் முழுக்கச் சிவப்பு. முகத்தில் சிவப்பு, சுவரில் சிவப்பு. ஒரு கண்ணை இறுக்கி மூடியிருந்தார். வலது கையில் புது ரம்பம். இடது கை... முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரவில்லை. ஆம்புலன்ஸ் ஞாபகம் வரவில்லை. மிருதங்கம்தான் ஞாபகம் வந்தது!

காரணம் இருக்கிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஆயுசு முழுக்க லோரி ஓட்டியவர் இவர். ரிட்டையர் ஆனதும் குனோங் ராபாட் பேட்டையில் எங்கள் வீட்டில் என்னோடு மாட்டிக்கொண்டார். நான் இவரோடு மாட்டிக்கொண்டேன். எங்கள் இருவரையும் காப்பாற்றிக்கொண்டிருப்பது வெள்ளிக்கிழமை கோயில் பஜனை. இவர்தான் மிருதங்கம். வெள்ளி வாசித்தால் வியாழன் வரை மனுஷன் சிரித்த முகமாக இருப்பார். ஒரு வாரம் பஜனை இல்லையென்றால்... வேண்டாம், சாபம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அந்த விரல்கள் போனால் போவது விரல் மட்டும் இல்லை.

அந்த மிருதங்கத்துக்கு ஒரு எதிரி உண்டு. மேரி அக்காவின் பூனை. தோலில் நகம் தீட்டுவதற்கென்றே எங்கள் வீட்டுக்கு வருகிறது. "மூடி போட்ட பலகைப் பெட்டி ஒண்ணு நானே செய்றேன்" என்று இவர் கிளம்பினார். பூனையை விரட்ட ஒரு குச்சி போதுமே என்றேன். யார் கேட்பது?

ஹார்ட்வேர் கடைக்கு நானும் கூடப் போனேன். கடை முதலாளி சீனத் தவுக்கே எங்கள் பேட்டையிலேயே வளர்ந்தவர், எங்கள் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசுவார். முதல் கேள்வியே சரியாகக் கேட்டார்.

"அண்ணே, என்ன வெட்டப் போறீங்க?"

"எல்லாம்லா!"

பெட்டி விஷயத்தை நான் சொன்னேன். "அதுக்கு ஒரு கைரம்பம் போதும் அண்ணே. பலகையை இறுக்கிப் பிடிக்க ரெண்டு கிளாம்ப், ஒரு உப்புத்தாள். அளவு சொன்னா பலகையை நானே இங்க வெட்டித் தாரேன்" என்றார் தவுக்கே. என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. பன்னிரண்டு சக்கர லோரியை மலையில் ஏற்றியவருக்குக் கைரம்பமா? கடையிலேயே பெரியதைக் கைகாட்டிக் கேட்டார். வட்டப் பிளேடு சுற்றும் கரண்டு ரம்பம்.

"தூக்கிப் பாருங்க அண்ணே. கைக்குக் கனமா இருந்தா வேணாம். விரல் சுவிட்சுக்கு எட்டுதா?" என்றார் தவுக்கே. எட்டியது. கண்ணுக்குக் கண்ணாடி? "எனக்குத்தான் பேப்பர் படிக்கிற கண்ணாடி இருக்கே." கிளாம்ப்? "எனக்குத்தான் கை இருக்கே." கையுறை மட்டும் ஆசையாக ஒரு ஜோடி எடுத்தார். தவுக்கே அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். சுற்றுகிற பிளேடு துணியைக் கவ்வினால் கையையும் சேர்த்து இழுத்துவிடுமாம். தவுக்கே சொன்னதைக் கேட்டு எடுக்காமல் வந்தது இது ஒன்றுதான்.

சரி, பனியனில் எப்படிச் சிவப்பு?

லோரிக்காரர் வீட்டில் புது வண்டி வந்தால் என்ன செய்வார்கள்? சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். ரம்பம் மட்டும் என்ன, சக்கரம் இல்லாத பொருளா? சனிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, மேரி அக்கா வேலி ஓரம் துணி காயப்போட்டுக்கொண்டே வேடிக்கை பார்க்க, பூஜை நடந்திருக்கிறது. ரம்பத்தோடு வந்த சின்னப் புத்தகத்தைப் பிரித்துத் தரையில் விரித்திருக்கிறார். படிக்க இல்லை, தரையில் சந்தனம் ஒட்டாமல் இருக்க! பிளேடுக்கு இரண்டு பக்கமும் கெட்டியாகச் சந்தனம். பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீறி, உள்ளே குங்குமத்தை அடைத்து, ஸ்டூலில் வைத்து...

சக்கரத்தை ஏற்ற முடியாது அல்லவா? அதனால் ரம்பத்தாலேயே வெட்டினார்! வலது கையில் ரம்பம். பழம் உருண்டுவிடக்கூடாதே என்று இடது கை விரல்களால் பழத்தைப் பிடித்துக்கொண்டு.

இப்போது சொல்லுங்கள், நான் கரண்டியை ஓங்கியது தப்பா?

முதலில் ப்ளக்கைப் பிடுங்கினேன். "கையைக் காட்டுங்க."

"நீயே பாரு சாந்தி. எனக்குப் பயமா இருக்கு."

மலை ரோட்டில் பிரேக் பிடிக்காத லோரியை நிறுத்திய மனுஷன், தன் கையைத் தானே பார்க்கப் பயந்து நின்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதற்குள் மேரி அக்கா வேலியைச் சுற்றி ஓடி வந்துவிட்டார். ஒரு கையில் ஐஸ் நிரப்பிய மார்ஜரின் டப்பா.

"விரல் எங்க கெடக்கு, தேடு! ஐஸ்ல வெச்சா ஒட்டிடுவாங்களாம், போன்ல பாத்தேன்!"

சொன்னவர் சும்மா இருக்கவில்லை. குனிந்து, பூந்தொட்டிக்குப் பின்னால் கைவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சிவப்பாக ஒன்றை எடுத்து டப்பாவில் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். பாதி எலுமிச்சம்பழம்.

குழாயடியில் அந்தக் கையைப் பிடித்துக் கழுவினேன். சிவப்பு ஓடியது. குங்கும வாசனை அடித்தது. ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு கீறல். பிளேடு பட்டதும் பழம் வழுக்கிப் பறந்திருக்கிறது. வழுக்காமல் இருந்திருந்தால்? மூடிய கண்ணில் இருந்ததும் ரத்தம் இல்லை, எலுமிச்சைச் சாறு. பேப்பர் படிக்கிற கண்ணாடி வீட்டுக்குள் பேப்பர் மேலேயே இருந்தது.

கையைத் துடைத்துவிட்டு ரம்பத்திடம் போனேன். ரம்பத்தைத் திருப்பிப் பார்த்தேன். பிளேடை மூடுவதற்கென்று ஒரு தகடு உண்டு. வெட்டும்போது விலகி, எடுத்ததும் டக்கென்று தானாக மூடிக்கொள்ள வேண்டும். அது மூடவே இல்லை. பாதியில் நின்றது. சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது!

பாதுகாப்பு வேண்டும் என்று சாமியை வேண்டிப் பூசிய சந்தனம், கம்பெனிக்காரன் வைத்த பாதுகாப்பைப் பூட்டி வைத்துவிட்டது. நம் பக்தியில் குறையே சொல்ல முடியாது. புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டுவதற்குத்தான் நமக்கு நல்ல நேரம் அமைவதில்லை.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தகட்டைத் தேய்த்து, அது டக்கென்று மூடும்வரை விடவில்லை. சந்தனம் படிந்த புத்தகத்தை அவரையே உட்கார வைத்து, உரக்கப் படிக்கச் சொன்னேன். பூஜைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து, மேரி அக்கா வேறு ஐஸ் கொண்டுவர, மூவரும் ஜூஸ் குடித்தோம். என் சாம்பார் அடிபிடித்திருந்தது.

திங்கட்கிழமை தவுக்கே கடையிலேயே பலகை வெட்டியாயிற்று. கிளாம்ப், கண்ணாடி, கைரம்பம் எல்லாம் வந்தாயிற்று. கிளாம்ப் போட்டு இறுக்கிய பலகையில் இரண்டு கையாலும் கரண்டு ரம்பத்தைப் பிடித்து, வயரைப் பின்னால் ஒதுக்கி, ஓரம் மட்டும் வெட்டினார். நான் பக்கத்தில் கரண்டியோடு நின்றேன். பெட்டி தயார். மூடி கொஞ்சம் கோணல். பூனை இப்போது அதன் மேல்தான் தூங்குகிறது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். பஜனை உச்சத்துக்குப் போனது. மிருதங்கம் அதிர்ந்தது. எல்லோரும் கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டார்கள்.

நான் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அவருடைய இடது கையைக் கும்பிட்டேன்.