அத்தை பின்னிய கம்பளிச் சாக்ஸ்

அத்தையின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தபோது நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் வீடும் அத்தை வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். அத்தை, நைனாவுக்கு அக்கா, பிள்ளை கிடையாது. மாமா ஒருநாள் திடீரென்று வீட்டில் இல்லை. கொச்சிக்குப் போட் வேலைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கொச்சிக்குப் போகிற மனிதர் செருப்பை வாசலில் விட்டுவிட்டா போவார்? போனில் பேசுகிறேன் என்று கேட்டால், "டவர் கெடைக்கலடி" என்று அத்தை போனை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

அதோடு, ரேஷன் கார்டில் பெயர் திருத்த வேண்டும் என்று வாரத்துக்கு இரண்டு நாள் பொன்னேரிக்குப் போனாள். முதல் பஸ்ஸில் போனால் பொழுது சாயத்தான் வருவாள். ஒரு பெயரைத் திருத்த எத்தனை நாள்தான் ஆகும்? அப்படிப் போய்வந்த ஒருநாள், அவள் பையில் சாம்பல் நிற உல்லன் நூல்கண்டு இரண்டும், காது இல்லாத நீள ஊசி இரண்டும் இருந்ததைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அத்தை கதவைப் பாதி சாத்திவிட்டுப் பின்னத் தொடங்கினாள். வலைக்கண்ணி போட்டுப் பழகிய கை என்றாலும் இந்த ஊசிகள் அவளைப் படுத்தின. இரண்டு கண்ணி நேராக, இரண்டு கண்ணி புரட்டி என்று முணுமுணுப்பாள். எண்ணிக்கை தவறினால் மொத்தத்தையும் உருவிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். பின்னல் ஏற ஏற, மட்டிச் சிப்பியின் முதுகைப்போல் அதில் வரிவரியாக மேடும் பள்ளமும் எழுந்தன. நான் எட்டிப் பார்த்தால் மடியில் மறைத்துக்கொள்வாள். ஆனாலும் கண்டுபிடித்துவிட்டேன். அது சாக்ஸ். அதுவும் ஆம்பளை சாக்ஸ்.

எங்கள் ஊரில் சாக்ஸ் போடும் ஆம்பளை ஒருவர்தான், என் பள்ளிக்கூடத்து சார். மாமா இல்லாத நேரத்தில் அத்தை சாருக்குச் சாக்ஸ் பின்னுகிறாள். டிவி சீரியல்களை ஒன்று விடாமல் பார்த்து வந்த எனக்கு மீதியைச் சொல்லித்தரத் தேவையில்லை.

முடிந்த சாக்ஸை ஒருநாள் புத்தகப் பையில் ஒளித்து எடுத்துப் போனேன். வகுப்பு வாசலில் சார் கழற்றி வைத்திருந்த ஷூவோடு அதை வைத்துப் பார்த்தேன். சாக்ஸ் ஷூவைவிட நாலு விரல் நீளம். சார் வெளியே வந்து, "இன்னாம்மா பண்ற அங்க?" என்றார். "எறும்பு சார்" என்று ஓடினேன். சார் தப்பித்தார், என் சந்தேகம் தப்பவில்லை. யாரோ பெரிய கால்காரர்.

இரண்டாவது சாக்ஸ் இன்னும் குழப்பியது. குதிகால் வரைக்கும் முதலாவதைப்போலவே வந்தது. பிறகு பாதி பாதத்திலேயே கண்ணிகளை மூடி, நூலை அறுத்து முடிச்சுப் போட்டுவிட்டாள்.

மறுநாள் குழாயடியில் கூட்டம். அத்தையும் குடத்தோடு நின்றாள். எல்லார் முன்னாலும் கேட்டால்தான் உண்மை வரும் என்று கேட்டேன்.

"அத்தே, அந்த சாக்ஸ் யாருக்கு? ஒண்ணு முழுசா கீது, இன்னொண்ணுல பாதத்தயே காணோம்?"

அத்தை முகம் வெளுத்தது. "அது... இன்னும் முடியலடி."

"பொய்! முடிச்சே போட்டுட்ட, நான் பாத்தேன்."

ஒருத்தி, "இன்னாக்கா சொல்லுது இந்தப் பொண்ணு?" என்றாள். அத்தை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்டவள் நிரம்பாத குடத்தை அப்படியே விட்டுவிட்டு வேகமாக வீட்டுப் பக்கம் போனாள்.

பள்ளி விட்டு வந்ததும் அம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னாள். மாமா கொச்சியில் இல்லை. சென்னையில் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஏரியில் காலில் குத்திய திருக்கை முள் சீழ் பிடித்து, சர்க்கரை வேறு சேர்ந்து, வலது பாதத்தில் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிதான் அத்தைக்குப் பின்னச் சொல்லிக்கொடுத்தாளாம். வழவழப்பான சாக்ஸ் பாதிக் காலில் நிற்காமல் நழுவிவிடும், வரிப்பின்னல் என்றால் பிடித்துக்கொள்ளும்.

ஏரியில் இறால் ஓடும் இடங்களை ஊரில் முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதைப் பாடு என்போம். நாலு நாளில் பாடு பிரிக்கும் கூட்டம் இருந்தது. கால் போனது ஊருக்குத் தெரியாமல் மாமா அதற்குள் நடந்து வந்து பெயரைக் கொடுத்துவிட்டால் அந்த வருஷத்தைச் சமாளித்துவிடலாம் என்று அத்தை கணக்குப் போட்டிருந்தாள்.

கூட்டத்தில் மாமாவின் பெயரை எடுத்துவிட்டார்கள். தண்ணியில் நிற்க முடியாதவருக்கு எதற்குப் பாடு என்று கேட்டார்களாம். நைனா சண்டை போட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. அந்த இடம் குழாயடியில் குடத்தை விட்டுப் போனவளின் வீட்டுக்காரருக்குப் போயிற்று.

மறுவாரம் மாமா ஆட்டோவில் வந்து இறங்கினார். அந்த வெயிலிலும் இரண்டு காலிலும் சாம்பல் நிறச் சாக்ஸ். அத்தை என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. மாமா என்னை மடியில் ஏற்றி உட்காரவைத்துக்கொண்டார். எனக்கு ஒரே சந்தோஷம்.

"மாமா, இனிமே நீ ஏரிக்குப் போவ வேணாம்ல? தெனமும் என்னோட கேரம் ஆடலாம்" என்றேன்.

"ஆமாண்டி கண்ணு" என்றார் மாமா.

அத்தை சட்டென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து விட்டுவிட்டு ஏதோ சத்தம் மட்டும் வந்தது.

"பாத்தியா மாமா, அத்தை இன்னும் சிரிச்சிட்டே கீது" என்றேன்.