நிறுத்தி வைத்த குரல்

என் அப்பா இறந்து ஆறு நாள் கழித்து என்னிடம் பேசினார். ஒன்பது முறை பேசினார்.

அப்போது நான் அண்டார்டிகாவில், ஓர் ஆய்வு நிலையத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தேன். சொந்த ஊர் பழவேற்காட்டுக்குப் பக்கத்து லைட்ஹவுஸ் குப்பம். ஃபைபர் படகு இன்ஜின்களைப் பிரித்துப் பழகி, ஐ.டி.ஐ. முடித்து, எண்ணூரில் சில வருடம் வேலை பார்த்து, அங்கிருந்து விண்ணப்பம் போட்டுத் தேர்வானேன். குளிர்காலம் தொடங்கிவிட்டால் அங்கே கப்பல் வராது, விமானம் வராது. இரண்டு மாதம் சூரியனும் வராது.

இருட்டு தொடங்கிய வாரத்தில் நிலையத்து டாக்டரம்மா எங்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டினார். திருநெல்வேலிக்காரர்.

“செவ்வாய்க் கிரகத்துக்குப் போறவங்க மனசு எப்படி இருக்கும்னு பூமியில சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. வேற எங்க வச்சாலும், முடியலன்னா கதவைத் திறந்து வீட்டுக்குப் போயிடலாம். இங்க போக முடியாது” என்றார்.

ஆறு பேர் கையெழுத்துப் போட்டோம். எங்களை நிலையத்தை ஒட்டிய ஒரு தனிக் கூண்டு வீட்டுக்கு மாற்றினார்கள், ஜெனரேட்டர் வேலைக்கு மட்டும் நான் வெளியே போகலாம். பாக்கெட் சாப்பாடு, தினம் ஒரு பக்கம் நாட்குறிப்பு, வாரம் ஒருமுறை ரத்தம். வீட்டோடு நேரடியாகப் பேசக் கூடாது. குரலைப் பதிவு செய்து அனுப்பலாம். அது இருபது நிமிடம் தாமதித்துத்தான் போகும், பதிலும் அப்படியே வரும். நடுவில் இரண்டு வாரம் அதுவும் கிடையாது. பூமிக்கும் செவ்வாய்க்கும் குறுக்கே சூரியன் வந்து நின்றால் செய்தி போகாது, அதுபோல. அந்த நாட்களில் வரும் செய்திகளை நிறுத்தி வைத்து, கடைசியில் மொத்தமாகத் தருவார்கள். அவசரத்துக்கு மட்டும் டாக்டர் அறையில் ஒரு போன்.

இதையெல்லாம் அப்பாவுக்குச் சொன்னபோது, நாற்பது நிமிடம் கழித்துப் பதில் வந்தது. “செவ்வாய்னா கெழமதானேடா? அங்க எப்பிடிடா போவாங்க?” பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது.

அந்த மௌன வாரங்களின் எட்டாம் நாள் டாக்டரம்மா என்னை அழைத்தார். போனில் அக்கா.

“நைனா பூட்டாருடா” என்றாள். “கரையில வலைய உதறிக்கினு இருந்தாரு. மார வலிக்குதுன்னாரு. பொன்னேரிக்கு ஆட்டோல ஏத்திக்கினு போனோம். திருப்பாலைவனம் கூட தாண்டல.”

அக்காவே தொடர்ந்தாள்.

“உன்னால வர முடியாதுன்னு தெரியும். கொள்ளி மாமா வெக்கட்டுமா?”

“வெக்கட்டும்” என்றேன். மாமா என்றது அவள் கணவரை. நான் ஒரே மகன்.

போனை வைத்ததும் டாக்டரம்மா ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, “உங்க அப்பா அனுப்பின செய்தி ஒன்பது நிக்குது. உங்களுக்கு மட்டும் சோதனையை இப்பவே முடிச்சிடலாம். திறந்து தரட்டுமா?” என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஆறு நாள் போகட்டும் என்றேன். நான் சோதனைக்கு விசுவாசமாக இருப்பதாக அவர் நினைத்திருக்கலாம். உண்மை வேறு. அவற்றைக் கேட்டுவிட்டால் அப்பா சொல்ல வேண்டியது தீர்ந்துவிடும். கேட்காதவரை அவர் இன்னும் எனக்கு ஏதோ சொல்லப்போகிறவர்.

அந்த ஆறு நாட்களைப் பற்றி வெகு நாள் யாரிடமும் பேசியதில்லை. ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போக, பனிப்புயலில் வழி தவறாமலிருக்க ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டேதான் நடக்க வேண்டும். செய்தி வந்த மறுநாள் காலை, கும்மிருட்டில் போகும்போது எனக்குப் பின்னால் கயிறு இழுபட்டது. வேறொருவர் அதைப் பிடித்தபடி வருவதுபோல, என் ஒவ்வோர் எட்டுக்கும் ஓர் இழுப்பு. நின்றேன், அதுவும் நின்றது. காற்றுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பி விளக்கை அடிக்கவில்லை. யாரும் இல்லையென்று பார்த்துவிடக் கூடாதே என்ற பயம். ஆறு நாளும் அப்படியே நடந்தேன், மெதுவாக, பின்னால் வருகிறவருக்கு மூச்சு வாங்காத அளவுக்கு. நாட்குறிப்பில் ‘தூக்கம் குறைவு’ என்று மட்டும் எழுதினேன்.

பதினான்காம் நாள் செய்திகள் வந்தன. ஜெனரேட்டர் கொட்டகையில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. மேற்கே இருந்து அடிக்கும் கச்சான் காற்று விடவில்லை, படகை இறக்கவில்லை. சுண்ணாம்புக்குளத்தில் ஒரு கல்யாணம், சாப்பாடு சுமார். இன்ஜின் கிளம்பும்போது புகை கறுப்பாக வருகிறது, நாசிலா, பில்டரா? ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி இருந்தது. ஒன்றில் அக்கா குறுக்கே, “இப்ப அவனுக்குப் போவாது நைனா, இன்னாத்துக்கு தெனம் பேசற?” என்கிறாள். “போவும்போது போவட்டும். கேட்டு வெக்கறேன்” என்கிறார். கடைசிச் செய்தி அவர் இறந்த அன்று காலையில் பேசியது. “சூரியன் வந்துச்சாடா?” அவ்வளவுதான். முடிந்ததும் கோயில் மணிபோல ஒரு பாத்திரம் விழும் சத்தம். அம்மாவாக இருக்க வேண்டும்.

நான் அதைக் கேட்டபோது எங்களுக்குச் சூரியன் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அடிவானத்தில் கால் மணி நேரம் சிவப்பாக நின்றுவிட்டுப் போகும்.

கோடையில் கப்பல் வந்தது. ஊர் வந்து சேர்ந்தபோது அப்பாவின் காரியங்கள் எல்லாம் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. எனக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. அம்மா ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டாள். “அவுரு பேசனது உங்கிட்ட கீதாமே. போடு.”

போட்டேன். அம்மா கண்கலங்குவாள் என்று நினைத்தேன். கலங்கவில்லை. சுண்ணாம்புக்குளத்துக் கல்யாணம் வந்ததும், “சுமாராமா? ரெண்டு வாட்டி வாங்கித் துன்னாரு” என்றாள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னாள். அவர் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டால், “இரு, நிறுத்து” என்று என் கையைத் தட்டினாள். இன்ஜின் கேள்வியில் என்னைப் பார்த்தாள். “எனக்கு இன்னா தெரியும்? நீ சொல்லு.”

“நாசில்தான் நைனா” என்றேன். என் குரல் அந்த அறையில் எனக்கே புதிதாக இருந்தது.

அன்று முதல் மத்தியானம் சாப்பிட்டதும் அவற்றை அம்மா போட்டுக் கேட்கிறாள், என் பழைய போனை அவளிடமே விட்டுவிட்டேன். பதில்கள் தினம் கொஞ்சம் மாறும். இன்று வந்த மீன், செத்தவர், பிறந்தவர் எல்லாம் அதில் சேரும். அம்மாவை நினைத்து அக்காவுக்குப் பயம், அழித்துவிடச் சொல்கிறாள். நான் செய்யவில்லை. அந்த நேரத்தில் பெரும்பாலும் கரைப்பக்கம் போய்விடுவேன்.

போன மாதம் டாக்டரம்மா போன் செய்தார். அடுத்த குளிர்காலத்துக்குப் புதுக் குழு போகிறதாம். விதிகளைத் திருத்துகிறார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். கயிற்றைப் பற்றி அன்றுதான் சொன்னேன். அவர் எழுதிக்கொள்வது கேட்டது.

“அந்த ஒன்பதையும் அன்னைக்கே திறந்து கொடுத்திருக்கணுமா? நீங்க வேணாம்னீங்களே” என்றார்.

“ஆமா மேடம், வேணாம்னேன். இன்னமும் அதைத்தான் சொல்லுவேன்” என்றேன். “ஆனா புதுசா போறவங்களை முன்னாடியே கேளுங்க, திறக்கணுமா வேணாமான்னு. ஒருத்தர் விடாம கேளுங்க.”

நீங்களும் மறுபடி வருகிறீர்களா என்று கேட்டார். உள்ளே அம்மா அப்பாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வரவில்லை என்றேன்.