ஒரு பக்கம் சாய்ந்த ஆந்தை

முகவாதம் வந்து வாய் ஒரு பக்கம் கோணிப்போன ஒரு மனிதரின் முகத்தை நான் நூல் பொம்மையாக வடிவமைத்தேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவருடைய மனைவி அதைத் தன் கையால் பின்னும்படி செய்தேன். தற்செயலாக நடந்ததல்ல. திட்டமிட்டுச் செய்தேன். செய்த ஒவ்வொரு நாளும் எனக்கு இனித்தது.

பாலிடெக்னிக்கில் பொறியியல் வரைபடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அவர் அங்கே என் சக ஆசிரியர். ஓய்வுக்குப் பிறகு எனக்கு மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்தபோது விரல்கள் மடங்க மறுத்தன. விரலுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார் மருத்துவர். என் மனைவியின் குரோஷா ஊசியை எடுத்தேன். நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்து, சுற்றுச் சுற்றாகப் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்தால் பொம்மை. ஒரு சுற்றில் கண்ணிகளைக் கூட்டினால் விரியும், குறைத்தால் சுருங்கும். கூம்பும் கோளமும் வரைந்தே ஆயுளைக் கழித்தவனுக்கு இது எளிதாகப் பிடிபட்டது. அடுத்தவர் எழுதிய பேட்டர்ன் என்கிற பின்னல் குறிப்பைப் பார்த்துப் பின்னுவது சீக்கிரமே சலித்துப்போக, சொந்தமாக ஒரு கரடியை வடிவமைத்தேன்.

பாளையங்கோட்டையில் நாங்கள் காலை நடை போகும் மைதானத்துக்கு அதை எடுத்துப்போனது என் அசட்டுத்தனம். அந்தச் சக ஆசிரியர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வே இது? முப்பது வருசம் பயலுவளுக்குப் படம் போடச் சொல்லிக்குடுத்த கை, இப்பம் பொம்பளையாளு வேல பாக்குதோ?"

சொல்லிக்கொண்டே, காதில் நான் சரியாக முடிச்சிடாமல் விட்டிருந்த நூல் நுனியைப் பிடித்து இழுத்தார். சரசரவென்று காது முழுக்க அவிழ்ந்து அவர் மடியில் நூலாக விழுந்தது. பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். "கரடிக்குக் காது குத்தச் சொன்னா, காதையே எடுத்துட்டீரே வே!" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் காது சுட்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முகவாதம் வந்த பிறகு அவர் ஆறு மாதம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. கண்ணாடியைத் துணி போட்டு மூடிவைத்திருந்தார் என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார். அந்த அம்மாள்தான் மன்றாடி, அவரை மறுபடி மைதானத்துக்கு வர வைத்தது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எங்கே அடிப்பது என்று தேர்ந்தெடுத்தேன்.

ஆந்தை ஒன்று செய்தேன். முதல் ஆந்தை வெறும் ஆந்தையாகத்தான் இருந்தது. தினமும் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் படித்தேன். இடது இமை கண்ணில் எவ்வளவை மறைக்கிறது, பேசும்போது தலை எந்தக் கோணத்தில் சாய்கிறது என்று மனதில் குறித்துக்கொள்வேன். தலை நேராக நிற்க வேண்டுமானால் கண்ணிகளைச் சுற்றிலும் சமமாகக் குறைக்க வேண்டும். நான் இடப்பக்கத்தில் மட்டும் கூடுதலாகக் குறைத்தேன், தலை சாய்ந்தது. சாய்வு மிகையானால் வெறும் கேலிப் பொம்மையாகிவிடும், அவராக இருக்காது. பிரித்துப் பிரித்து ஏழு முறை பின்னினேன். ஏழாவது தலையை மேசையில் வைத்தபோது அவரே என்னைப் பார்த்தார். என் வாழ்நாளில் எந்த வரைபடத்துக்கும் அவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

குரோஷாக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. முடிந்த பொம்மையின் படத்தைக் காட்டாமல், பேட்டர்னை வாரம் ஒரு பகுதியாக வெளியிடுவார்கள். கடைசி வாரம்வரை என்ன உருவம் வரப்போகிறது என்று பின்னுகிறவர்களுக்குத் தெரியாது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நாங்குநேரியிலிருந்து கடற்கரை ஊர்கள்வரை பெண்கள் இருந்தார்கள். ஆண் நான் ஒருவன்தான். அவர் மனைவியும் இருந்தார். ஞாயிறுதோறும் ஒரு பகுதி என ஐந்து வாரம் அறிவித்தேன்.

மூன்றாவது வாரம் அந்த அம்மாள் படம் போட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, தலை ஒரு பக்கமா சாயுது. ரெண்டு தடவ எண்ணிப் பாத்துட்டேன். எங்கயும் தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லம்மா, சரியாத்தான் இருக்கு. அப்படித்தான் வரணும்" என்று பதில் போட்டேன்.

ஐந்தாவது வாரம் இடது கண்ணுக்கு மட்டும் பாதி இமை. கழுத்துக்கு அவர் சுற்றுகிற அதே பழுப்பு மஃப்ளர். மற்றவர்கள் படங்களை வரிசையாகப் போட்டார்கள். "இந்தத் தாத்தாவ எங்கயோ பாத்த மாரி இருக்கே" என்று ஒருத்தி எழுதினாள். அந்த அம்மாள் மட்டும் படம் போடவில்லை. நூல் தீர்ந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிவிட்டு, இரண்டு நாளில் குழுவை விட்டு விலகினார். நான் அன்று இரண்டாவது காப்பி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஆனால் அவர் கணவர் வழக்கம்போல மைதானத்துக்கு வந்தார், வழக்கம்போலக் கிண்டலடித்தார். எனக்குப் புரியவில்லை. சில மாதம் கழித்து ஒருநாள் அவராகவே சொன்னார்: "ஒம்ம ஆந்தைய வீட்ல செஞ்சு வச்சிருக்கா வே. ரெண்டு கண்ணையும் உருட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்கு. அன்னைக்குக் கரடிய இழுத்தது தப்புன்னு இன்னும் ஏசுதா. மனசுல வச்சுக்கிடாதேயும்."

இமையை அவர் மனைவி தைக்கவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. தலையைப் பிரித்து நேராகப் பின்னி, இரண்டு கண்ணையும் திறந்துவைத்து, அவர் பார்வையில் படும்படி வைத்திருக்கிறார்.

அதற்கு மேல் தாங்காமல் மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைத் திறந்த அந்த அம்மாளுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. "அவுக நல்லா இருக்காக, அண்ணாச்சி. காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார். இரண்டு முறை சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. உள்ளே போய் அவர் கணவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என் செல்பேசியைக் கேட்டு வாங்கினார். மற்ற பெண்கள் போட்ட படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாப் படத்திலும் அவர்.

"எத்தன நாளு வே என் மூஞ்சியப் பாத்தீரு?"

"நாப்பது நாளு இருக்கும்."

"நான்கூட அவ்வளவு பாக்கல" என்று செல்பேசியைத் திருப்பித் தந்துவிட்டு அறைக்குள் போனார்.

வாசல்வரை வந்த அந்த அம்மாள், "இத்தன மாசம் மறச்சு வச்சிருந்தேன். ஒங்க பாரத்த எறக்கி வைக்க எங்க வீடுதானா கெடச்சுது?" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

பேட்டர்னை நீக்கினேன். இமையை எடுத்துவிடுங்கள் என்று குழுவில் கெஞ்சினேன். சிலர் எடுத்தார்கள். "ஒத்தக் கண்ணு மூடுனாத்தான் அண்ணாச்சி அழகு" என்று ஒருத்தி பதில் போட்டாள். ஏன் என்று நான் விளக்கவில்லை. விளக்கினால் இன்னும் இருபது வீட்டில் அவர் முகம் தெரிந்துவிடும்.

அவர் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். போன வாரம் பால் கடையில் பார்த்தேன். ஊரே கழற்றி எறிந்துவிட்ட முகக்கவசத்தை அணிந்திருந்தார். கடைக்காரர் ஏதோ கேட்க, பேசாமல் விரலால் இரண்டு என்று காட்டினார். பால் பையை வாங்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார்.