கருவாடு சேராது

என் மனைவியின் மூச்சிரைப்புக்குக் கருவாடுதான் காரணம் என்று நான் சொன்னது பொய். காரணம், என் புத்தகங்கள். ஐந்து வருடங்களாக இது எனக்குத் தெரியும்.

சொல்லிவிட்டேன். இத்தோடு நீங்கள் எழுந்து போகலாம். போகமாட்டீர்கள்... ஒருவன் தன் வேட்டி அவிழ்ந்த கதையைத் தானே விவரிக்கும்போது பாதியில் எழுந்து போனவரை நான் பார்த்ததில்லை.

நான் திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். மற்ற நேரங்களில், அதாவது வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்து குடம் தூக்க ஆள் தேடும் நேரங்களில், நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் சமையல். இன்னொன்றில் நானும் என் மனைவி பேச்சியும் மூவாயிரம் புத்தகங்களும் படுத்துக்கொள்வோம்.

பேச்சி மல்லாங்கிணற்றில், மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு இருந்தால் உலகத்திடம் வேறெதுவும் கேட்கமாட்டாள். எனக்கோ அந்த வாசனை ஆகாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள்; குற்றம் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

அவளுக்கு இழுப்பு வந்தபோது எல்லோரும் வெடிமருந்தைச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் எந்த நோய்க்கும் அதைச் சொல்லிவிடலாம். ஆனால் பட்டாசு ஆலைகள் மூடிக் கிடந்த மாதங்களிலும் அவளுக்கு இழுத்தது. மதுரைக்கு அழைத்துப் போனேன்.

ஒவ்வாமைக்கென்றே நடக்கும் மருத்துவமனை. தும்மல் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். நர்ஸ் அவளுடைய முன்கையில் பேனாவால் வரிசையாக எண் போட்டு, எண்ணுக்கு ஒரு சொட்டு விட்டு, ஒவ்வொரு சொட்டின் மேலும் ஊசியால் லேசாகக் குத்தினார். இருபது நிமிடம் சொறியக் கூடாது.

"பாத்தீகளா, பிளாட் போட்டு விக்கப்போற நிலம் மாதிரி ஆக்கிட்டாக என் கைய," என்றாள் பேச்சி. இரண்டு பிளாட்டுகள் தடித்து எழும்பின. மற்ற எல்லாம் சமதளம்.

அரிப்புக்குக் களிம்பு தடவ நர்ஸ் அவளை வெளியே கூட்டிப்போனார். மருத்துவரம்மா, தடிப்புகளை ஒரு சின்ன அளவுகோலால் அளந்து எழுதியிருந்த தாளை என்னிடம் நீட்டினார்.

"வீட்டுத் தூசியில கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கு. அப்புறம் பழைய பேப்பர்ல வர்ற பூஞ்சை. ரெண்டும்தான். படுக்கிற ரூம்ல புத்தகம் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு," என்றேன். மூவாயிரத்தைக் கொஞ்சம் என்று சொல்லவும் ஒரு துணிச்சல் வேண்டும்.

"எல்லாத்தையும் வெளிய எடுங்க. ரூமைச் சுத்தம் பண்ணிட்டு வாங்க, நாக்குக்கு அடியில விடுற சொட்டு மருந்து ஆரம்பிக்கலாம். ரூம் அப்படியே இருந்தா மருந்து விட்டும் பிரயோஜனம் இல்ல."

"சாப்பாட்டுல ஏதாவது...?" என்றேன், நப்பாசையோடு.

"சாப்பாட்டுல ஒண்ணுமே இல்ல. எல்லாம் சாப்பிடலாம்."

திரும்பி வரும் பேருந்தில், விருதுநகர் நிலையத்தில் வண்டி நின்றபோது பேச்சி கேட்டாள். "என்ன சொன்னாக? என்னமும் சேராதாமா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். முப்பது வருடம் தேடித் தேடிச் சேர்த்த புத்தகங்கள்... வாய் தானாகத் திறந்தது. "கருவாடு," என்றேன். ஒன்று மட்டும் சொன்னால் நம்பமாட்டாளோ என்று, "கத்தரிக்காயும்," என்றேன்.

சாத்தூர்ச் சாலையில் வண்டி திரும்பிய பிறகுதான், "ரெண்டுமா?" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? ஒரு வாரம், பத்து நாள் கழித்தாவது? சொட்டு மருந்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மருத்துவரின் தாளை ஒரு தடித்த அகராதிக்குள் வைத்தேன். அந்த அகராதியை அவள் தலைமாட்டு அலமாரியில் வைத்தேன்.

கருவாட்டை நிறுத்தியும் இழுப்பு நிற்கவில்லை; எப்படி நிற்கும்? இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அந்தம்மா சரியாத்தான் சொன்னாகளா? வேற டாக்டர்ட்ட ஒரு எட்டு போவமா?" என்று கேட்டாள்.

வேறு மருத்துவர் உண்மையைச் சொல்லிவிடுவாரே! அடுத்து நான் செய்ததை எங்கள் ஊர்க்காரன் ஒருவனால்தான் செய்ய முடியும்.

தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் ஒரு மருத்துவக் குறிப்பு வருமே, பார்த்திருப்பீர்கள். எங்கள் அச்சகத்தில் அவற்றை எழுதுவது நான்தான். பேச்சிக்குக்கூட இது தெரியாது. இலக்கியம் படித்தவன் 'வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கவும்' என்று எழுதிப் பிழைப்பதை எப்படி வீட்டில் சொல்வது? எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஆடிப் பதினெட்டுக்குப் புதிய மாதிரிகள் வெளியாகும். அதற்குமுன் அடுத்த வருடத்துக்கான குறிப்புகள் முடிந்தாக வேண்டும். அவற்றில் ஒன்றாக இதை எழுதினேன்: 'மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குக் கருவாடு, கத்தரிக்காய் சேராது.'

அதுவரை வேறு மருத்துவர் பேச்சை அதையும் இதையும் சொல்லித் தள்ளிப்போட்டேன். தை பிறந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை தாளைக் கிழித்த பேச்சி, திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "ஏங்க, டாக்டரு சொன்னதையே காலண்டர்லயும் போட்டிருக்காக!" சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, அந்தத் தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டினாள். அத்தோடு வேறு மருத்துவர் பேச்சு நின்றது.

அந்தக் காலண்டர் எத்தனை வீடுகளுக்குப் போனது என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலும் யாராவது மூச்சு இழுத்துக்கொண்டே கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறார்களா? அப்படியென்றால்... அதுவும் நான்தான்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய அக்கா மல்லாங்கிணற்றிலிருந்து தூக்குவாளியில் எனக்குத் தெரியாமல் குழம்பு கொண்டுவந்திருந்தார். நான் மதுரையில் பழைய புத்தகக் கடையிலிருந்து இரண்டு மூட்டை கொண்டுவந்திருந்தேன், அவளுக்குத் தெரிந்தே. மதியச் சாப்பாடு முடிந்து அக்கா கிளம்பியதும், பேச்சி மூட்டைகளைப் பிரித்து ஒவ்வொரு புத்தகத்தையும் முந்தானையால் துடைத்து அடுக்கினாள். எனக்காக. நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரத்தில் அவளுக்கு உதடு நீலம் பாரித்தது. பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில் சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் என் சட்டையைப் பிடித்த பிடியில் இரண்டு பொத்தான்கள் தெறித்தன. காற்று இவ்வளவு கிடக்கிறதே, இவளுக்கு ஒரு வாய் கிடைக்கவில்லையே... கடவுளே, மூவாயிரத்தையும் எடுத்துக்கொள் என்று கும்பிட்டேன். கடவுள் கேட்காதபோது கொடுப்பது எளிது. மருத்துவர் கேட்டபோது ஒன்றைக்கூட நான் கொடுக்கவில்லை.

முகத்தில் நெபுலைசரின் புகை மருந்து மூடியை மாட்டினார்கள். கொஞ்சம் மூச்சு வந்ததும் அவள் அதைத் தூக்கினாள்.

"ஏங்க... ஒண்ணு சொல்லணும். வையாதீக."

"பேசாத, பேச்சி."

"அக்கா கொண்டாந்த குழம்புல... ஒரே ஒரு துண்டு தின்னுட்டேன். அதான் இம்புட்டும். நாக்கைக் கட்ட முடியல."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? காலில் விழுந்திருப்பீர்கள். நான் அவள் தலையைத் தடவி, "சரி, விடு. இனிமே திங்காத," என்றேன்.

நான் அவளை மன்னித்தேன். கேட்டீர்களா... நான், அவளை!

பேச்சியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "அழாதீங்கம்மா, மறுபடி இழுக்கும்," என்று மூடியைச் சரிசெய்த நர்ஸ் என்னைப் பார்த்து, "நல்ல மனுசன் சார் நீங்க. வேற ஆளா இருந்தா இந்நேரம் சத்தம் போட்டிருப்பாங்க," என்றார். அந்த வாக்கியத்தைத் திருத்த என் கையில் பேனா இல்லை.

வீட்டுக்குக் கூட்டிவராமல் அவளை நேராக அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். கரையான் பிடித்துவிட்டது என்று இன்னொரு பொய் சொல்லி, புத்தகங்களை எல்லாம் அச்சகத்துக் கிடங்குக்கு ஏற்றினேன். அறையைக் கழுவினேன். தலையணைகளை மாற்றினேன். அவள் திரும்பி வந்த மூன்றாவது வாரம், ஒரு பகல் பொழுதில், பேச்சி மல்லாந்து படுத்து உறங்குவதைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்கப் பழகியிருந்தவள். வெற்றுச் சுவர்களுக்கு நடுவே, வாய் மூடி, சத்தமில்லாமல்... அவ்வளவு சுலபம். ஐந்து வருடமாக அவ்வளவு சுலபமாகவே இருந்திருக்கிறது.

ஆனால் அவள் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தது வேறு. "ஒரு துண்டு தின்னதுக்கே சாவைக் காட்டிருச்சு. இப்ப வாயைக் கட்டிட்டேன்ல, பாருங்க, இழுப்பே இல்ல."

என்னால் தாங்க முடியவில்லை. சந்தைக்குப் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு நெத்திலிக் கருவாடு வாங்கினேன். கத்தரிக்காயும். கிடங்கில் கிடந்த அகராதியிலிருந்து எடுத்த தாளோடு அடுப்படியில் போய் நின்றேன்.

"என்னங்க இது? உங்களுக்கு இந்த வாசமே ஆகாதே."

"உனக்குத்தான். குழம்பு வை."

"என்னைக் கொல்லப் பாக்கீகளா?"

எவ்வளவு சரியான கேள்வி. எல்லாவற்றையும் சொன்னேன். பேருந்து, ஜன்னல், தூசி, பூஞ்சை, சொட்டு மருந்து. அவள் கையில் கரண்டியோடு பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"புஸ்தகத்தைக் கரையான் அரிச்சதுல இருந்து நீங்க சரியில்ல. என்னத்தையாச்சும் நினைச்சு உருகாதீக."

"இந்தா, டாக்டரம்மா எழுதுனது. இங்கிலீசுல இருக்கு, படிச்சுக் காட்டட்டுமா?"

"இங்கிலீசுல ஆயிரம் இருக்கும். இங்கன தமிழ்ல தெளிவாப் போட்டிருக்கே," என்று சுவரைக் காட்டினாள். தாள் பழுத்து, ஓரத்தில் எண்ணெய் ஏறியிருந்தது.

"நாளைக்கே மதுரைக்குப் போவோம். அவங்க வாயாலயே கேளு. சொட்டு மருந்தும் ஆரம்பிக்கணும்."

"மூச்சு நல்லா இருக்கையில யாராச்சும் ஆஸ்பத்திரிக்குப் போவாகளா?" கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க எடுத்துவைத்தாள். அப்படி வைக்கும்போது ஒரு கணம், ஒரே ஒரு கணம், மூக்கருகே கொண்டுபோனதை நான் பார்த்தேன்.

"பேச்சி... அந்தக் காலண்டர் குறிப்பை எழுதுனதே நான்தான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபமில்லை. கொஞ்சம் பாவப்பட்ட மாதிரிகூட இருந்தது.

"சும்மா இருங்க. நீங்க எழுதுனதுன்னா, அதைப் படிச்சு யாராச்சும் அதுபடி நடப்பாகளா?"